முடிக்கொத்தின் வம்சம்

வைரஸ்களுக்கு வம்சம் பார்ப்பது என் பிழைப்பு. திருப்பதியில் ஒரு தாவர வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் நோய்கண்ட இலையை அரைத்து, அதிலிருந்து வைரஸின் மரபணுவைப் பிரித்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, இது யாருக்கு அண்ணன், யாருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கிளைகிளையாகப் படம் போடுவோம். சொந்தக்காரர்கள் என்னைச் செடி டாக்டர் என்பார்கள். டாக்டர் என்றால் குணமாக்க வேண்டும். நான் இதுவரை ஒரு செடியையும் குணமாக்கியதில்லை. வைரஸ் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் போடுங்கள் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இரண்டு தோட்டத்து வைரஸ்கள் ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் அவை நெருங்கிய உறவு. அவ்வளவுதான். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அந்த உறவு மட்டும் சொல்லாது. இங்கிருந்து அங்கே போயிருக்கலாம், அங்கிருந்து இங்கே வந்திருக்கலாம், நாம் பார்க்கவே பார்க்காத மூன்றாவது இடத்திலிருந்து இரண்டுக்கும் வந்திருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஒரே வகுப்பில் புரிந்துவிடும். என் அண்ணனுக்குத்தான் கடைசிவரை ஏறவில்லை.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், அண்ணன் நடுவில், நான் கடைசி. அண்ணன் கார்வேட்டிநகரம் பக்கம் எங்கள் நிலத்திலேயே வாழை வைத்திருக்கிறான். அக்காவை நகரிக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தோம். கொரோனாவில் மாமா போய்விட்டார். அக்காவும் அவள் மகளும் ஒரு கிணறும் கொஞ்சம் நிலமும்தான் மிச்சம். பொம்பளையால் விவசாயம் முடியாது, எங்களிடம் குத்தகைக்கு விடு என்று மாமாவின் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். விட்டிருந்தால் நிலம் திரும்பியிருக்காது, அது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, "அவளே பயிர் வைப்பா. நான் கீறேன், பாத்துக்கிறேன்" என்றான். தெலுங்கிலும் ஒரு தடவை சொன்னான், யாரும் புரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுத்த இடத்துக்கு வாழைக்கன்று தேவைப்பட்டால் பிறந்த வீட்டிலிருந்துதான் போகும். கடையில் வாங்கக் கூடாது. கூடப்பிறந்தவனே தாய்மரத்தடியில் தோண்டி, வேரைச் சீவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துப்போய், முதல் கன்றைத் தன் கையால் நட வேண்டும். அவள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி வைத்ததில் ஏதாவது பட்டுப்போனால் அதை வாயால் சொல்லக் கூடாது. பிறந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நான் வைரஸ் படித்தவள், இதையெல்லாம் கேலி செய்வேன். ஆனால் அன்றைக்கு அண்ணன் டிராக்டர் நிறைய ஏலக்கி வாழைக் கன்றுகளோடு அக்கா கிணற்றடியில் வந்து இறங்கியபோது நானும் திருப்பதியிலிருந்து லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

மாமா செத்த பிறகு அக்கா அன்றைக்குத்தான் சிரித்தாள். குடத்தைத் தூக்கியவள் தயங்கினாள். "நான் ஊத்தலாமாடா?" என்று அவனைக் கேட்டாள். தாலி போன கை என்று அவளுக்கு நினைப்பு. அண்ணனுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நீ ஊத்தாம பக்கத்து வூட்டுக்காரியா ஊத்துவா? ஊத்துக்கா" என்றான். அவள் ஊற்றினாள். மதியம் அங்கேயே உட்கார்ந்து களியும் கடலைத் தொவையலும் தின்றோம்.

கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. அடுத்த மழைக்காலத்தில் அக்கா போனில், "இலையெல்லாம் மேலேயே குத்துக்கினு நிக்குதுடி, விரியவே மாட்டேங்குது" என்றாள். மறுநாளே போனேன். ஒரு இலைக்காம்பை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். நரம்பையொட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடியது. முடிக்கொத்து நோய். இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நிற்கும், மரம் வளராது, தார் போடாது. கன்று வழியாகவும் வரும், அசுவினிப் பூச்சி வழியாகவும் பரவும். ஒன்றில் வந்தால் அந்தக் குத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அக்கா தோட்டத்தில் அங்கங்கே பரவலாக வந்திருந்தது.

அதே வாரம் அண்ணன் தோட்டத்திலும் வரப்போரமாகச் சில மரங்களும் உள்ளே ஒன்றிரண்டும் அப்படி நின்றன. அவனுக்கு அக்காவின் பங்காளிகள் மேல் சந்தேகம். நம் வாழையில் அவர்கள்தான் ஏதோ கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். "நீ டெஸ்ட் பண்ணு. இந்த நோவு யார் வூட்டுதுன்னு சொல்லு. அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்றான். அப்பன் யார் என்று மனிதர்களுக்குப் பார்க்கிறார்களே, அதைப்போல வைரஸுக்கும் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று அவனுக்கு நம்பிக்கை.

இலை எடுக்கும்போதே இருவரையும் கேட்டேன். வெளியிலிருந்து கன்று ஏதாவது வாங்கினீர்களா? அக்கா பட்டென்று, "இல்லடி, எல்லாம் நம்ம வூட்டுதுதான்" என்றாள். அண்ணன், "வரப்போரம் பன்னி கிளறிப்போட்ட எடத்துல வண்டிக்காரங்கிட்ட கொஞ்சம் வாங்கி வச்சேன். அது ல்யாப்ல செஞ்ச செடி, அதுல எப்படி நோவு வரும்?" என்றான். திசு வளர்ப்புக் கன்றுகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர்கள் அப்போது நிறைய வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு மரியாதை. ல்யாபில் வேலை செய்யும் எனக்கே அந்த மரியாதை கிடைத்ததில்லை. கொண்டுவந்த பைகள் தீர்ந்துவிட்டன, அந்த மரங்களிலிருந்து தனியாக இலை எடுக்க அடுத்த வாரம் வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு, தோட்டத்துக்குள் நோய்கண்ட ஒரு மரத்திலிருந்து எடுத்த இலையோடு மட்டும் வந்தேன்.

அந்த வார முடிவில் அவன் போன் செய்தான். இரண்டு வரிசைகளும் வந்துவிட்டிருந்தன. கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. "அவளுதும் என்னுதும் ஒண்ணுதானா?" என்றான்.

"ஒண்ணுதான். ஆனா கேளுண்ணா, அதனால உங்கிட்டேருந்துதான் போச்சுன்னு..."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான், ஆனா..."

போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணிதான் எடுத்து, ஜேசிபிக்குச் சொல்லிவிட்டான் என்றாள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் எதுவும் நிற்கவில்லை. நோயுள்ளது, நோயில்லாதது, வரப்போரத்து வண்டிச்செடி, தாய்மரம் எல்லாம் குழியில் கிடந்து புகைந்துகொண்டிருந்தன. எந்த இலையை எடுத்துப் பார்ப்பது? அவனை வைய வந்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானே எடுத்துக்கினு போய் நானே நட்டேன். அவ சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்றான். நான் கிளை, உறவு, மூன்றாவது இடம் என்று என்னென்னவோ சொன்னேன். என் மனசாறுதலுக்குச் சொல்கிறாய் என்றான்.

அக்காவிடமும் முடிவைச் சொன்னேன். அவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு வூட்டுக் கன்னுதானே, ஒரே நோவுதான் வரும்" என்றாள். அவள் தோட்டத்தையும் தோண்டி அழித்தோம். பிறகு அவள் கடலை போட்டாள், சமாளித்தாள். நிலம் போகவில்லை. போனது அண்ணன்தான்.

அவன் அக்கா வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். முதலில் வேலை என்றான், பிறகு முதுகுவலி என்றான். பொங்கலுக்கு அவள் வீட்டுக்குச் சீர் எடுத்துப்போவது அவன்தான், நைனா போன பிறகு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அந்தப் பொங்கலுக்குப் புடவையும் கரும்பும் மஞ்சள்கொத்தும் ஒரு கட்டைப்பையில் போட்டுப் புத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். நான் அன்றைக்கு அக்கா வீட்டில் இருந்தேன். பஸ் நின்றது. கண்டக்டர் பையை நீட்டினார். அக்கா பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வரை நடந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. "வரலையா அவன்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அங்கேயே நின்று அவனுக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி வைதேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது?" என்றான்.

ரோஷம் என்று நினைத்தால் ஊதித் தள்ளிவிடலாம். அவனுடையது ரோஷமில்லை. அவன் அவளை அம்மாவுக்குச் சமமாக வைத்திருந்தான். அவளுக்குக் கெடுதல் செய்துவிட்டோம் என்று நினைத்தவனுக்கு அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட முடியவில்லை. இதை நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்பதற்காக மன்னிக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் பை மட்டும்தான் வந்தது.

அந்தக் கோடையில் அக்காவுக்குக் காய்ச்சல். நகரியில் ஊசி போட்டும் நிற்காமல் திருப்பதிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். டெங்கு என்றார்கள். மூன்றாவது மாடியில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். ஜன்னலில் திருமலை தெரிந்தது. அவள் படுத்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "என் கை சரியில்லடி" என்றாள்.

"இன்னா கை?"

"நான் தண்ணி ஊத்தினது தப்பு. அவன் கன்னு, அவன் தோட்டம், எல்லாம் போச்சு. அதான் அவன் என் வூட்டுப் பக்கம் வர்றதில்ல. வரவும் வேணாம், அவனாவது நல்லா இருக்கட்டும்."

நான் இந்த இரண்டு வருடமும் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், அவன் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறான் என்று. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அன்றைக்கும் சொன்னேன். அவன் தன்மேல் தப்பு என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறான் அக்கா, உன்மேல் இல்லை. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "வெக்கமா? எங்கிட்டயா? அவனுக்கு நான் மூக்கு சிந்தி வுட்டவடி" என்றாள். பிறகு, "அப்ப வரச் சொல்லு" என்றாள்.

அவனைக் கூப்பிட்டேன். வந்தான். கீழே வரை வந்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அவன் பைக்கோடு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போன் செய்தேன். "மேல வாண்ணா, உன்னத்தான் கேட்டுக்கினு கீறா."

"எப்படி கீறா?"

"வந்து பாரு."

"காய்ச்சல் எறங்கிடுச்சா?"

இறங்கியிருந்தது. டாக்டரும் இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "அப்ப வூட்டுக்கு வரட்டும், வந்தப்புறம் போய்ப் பாக்கறேன். நெசமா போறேன்" என்றான். டீக்காசைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினான். அக்காவிடம் நாளைக்கு வருகிறான் என்று சொல்லிவிட்டேன்.

காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்குவில் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலையில் அவள் கைகால் சில்லிட்டது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தான். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். புடவையை அவள்மேல் போர்த்தினான். அழவில்லை. எல்லாம் முடிந்து நான் திருப்பதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அவளுக்காக மட்டுமில்லை.

பிறகு கொஞ்ச காலம் கழித்து எங்கள் ஆய்வுக்கூடம் சுற்று மாவட்டங்கள் முழுக்க வாழைத் தோட்டங்களில் இலை சேகரித்தது. புத்தூர், சித்தூர், குப்பம் என்று பிள்ளைகள் பைபையாகக் கொண்டுவந்தார்கள். நானும் வேலையில் தலையைக் கொடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? வரிசைகளை எல்லாம் ஒன்றாகப் போட்டுப் படம் வரைந்தபோது அக்கா தோட்டமும் அண்ணன் தோட்டமும் இருந்த அதே கிளையில் புதிதாக ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. அதில் குப்பத்துத் தோட்டங்கள்கூட இருந்தன. குப்பத்தில் எங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லை, அண்ணன் கன்று அந்தப் பக்கம் போகவே இல்லை. விசாரிக்கச் சொன்னேன். எல்லாத் தோட்டத்திலும் ஒரே பதில்: வண்டியில் வந்த ல்யாப் செடி.

அக்கா வாங்கவில்லை என்றாளே! சித்தூரில் படிக்கும் அவள் மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு என் அண்ணன்தான் மாமா, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமா வச்ச கன்னுல கொஞ்சம் பட்டுப்போச்சு சின்னம்மா. அம்மா அழுதுச்சு. மாமாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னு வண்டி வந்தப்ப வாங்கி அந்த எடத்துலயே நட்டுடுச்சு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிச்சு." அதுவும் ஏலக்கி, இதுவும் ஏலக்கி. ஆறு மாதம் வளர்ந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று நட்டவளுக்கே தெரிந்திருக்காது.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. அக்காவுக்குக் கொடுத்த அதே பருவத்தில் அண்ணன் ஊருக்குள் வேறு சிலருக்கும் கன்று கொடுத்திருந்தான். அவர்கள் யாரும் வண்டியில் வாங்கவில்லை. நானே போய் அந்தத் தோட்டங்களில் மரம் மரமாகப் பார்த்தேன், இலை எடுத்துவந்து சோதித்தேன். எதிலும் வைரஸ் இல்லை. அண்ணனுடைய தாய்மரம் சுத்தமாக இருந்திருக்கிறது; அவன் தோட்டத்துக்கும் நோய் பிறகு வரப்போரத்து வண்டிச்செடியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவன் அக்காவுக்குக் கொடுத்த கன்றில் ஒரு குற்றமும் இல்லை.

இதை அவனிடம் சொல்வதா? ரொம்ப நாள் யோசித்தேன். சொன்னால் பழி நீங்கும். பழி நீங்கினால் அவன் ஒதுங்கியிருந்த இரண்டு வருடமும், அந்த டீக்கடையும் எதற்கு என்று ஆகிவிடும். குற்றவாளியாக இருப்பதில் அவனுக்கு ஒரு பிடிமானமாவது இருந்தது. ஆனால் அக்கா போனதிலிருந்து அவன் நிலத்தைத் தரிசாகப் போட்டு வைத்திருந்தான். என் கை பட்டால் எதுவும் விளங்காது என்று அண்ணியிடம் சொன்னானாம். அதே வார்த்தையை நான் ஏற்கனவே ஒருத்தி வாயில் கேட்டுவிட்டேன். இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று கிளம்பிப் போனேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, குப்பம், மற்ற தோட்டங்கள், அக்கா ஒளித்து நட்டது. இந்தத் தடவை குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டான்.

"அவ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வச்சது பட்டுப்போச்சுன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

தன் கை ராசி என்று அவள் நினைத்துக்கொண்டு போனதை நான் சொல்லவில்லை. அதைச் சாகிறவரை சொல்லப்போவதில்லை.

தரிசு மண்ணில் ஒரு கட்டியை எடுத்து உதிர்த்துக்கொண்டே இருந்தான். "அப்போ என் கன்னு இல்ல" என்றான்.

"இல்ல."

"அப்போ நான் மேல போய் அவளப் பாத்திருக்கலாம்."

இத்தனை வருடமாக எனக்குள் கிடந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றது. ஆனால் வாயைத் திறந்தபோது அழுகைதான் வந்தது.

"உன் கன்னாவே இருந்திருந்தாலும் போய்ப் பாத்திருக்கலாம்ண்ணா" என்றேன்.